மூதூர்ப் புளியமரமும் றொபின்சன் குரூசோவும்



றொபின்சன் குரூசோவின் கதையைச் சிறு வயதில் படித்திருப்பீர்கள். கப்பல் உடைந்து, ஆளில்லாத தீவொன்றில் 28 வருடங்கள் வாழ்ந்த மனிதனின் கதை அது. ஆங்கிலேயரான டானியல் டீபோ 1719இல் எழுதியது. அந்தக் குரூசோவின் ஒரு பாதி நமது மூதூர்க் கரையில் பிறந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

முன்பெல்லாம் திருகோணமலையிலிருந்து கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடந்துதான் மூதூருக்குப் போவோம். பாலங்கள் வந்த பின்னர் பஸ்ஸிலேயே போய் இறங்கலாம். கடலில் வந்தால்தான் அந்தக் குடாவின் அமைதி விளங்கும். புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், அதைச் செப்பனிடுவதற்காக ஒதுங்கியதும் இங்கேதான். 1660ஆம் ஆண்டு, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் வந்து, புளியமரமொன்றின் கீழ் இருந்த கப்பல் தலைவரைப் பிடித்தார்கள். அவருடைய 19 வயது மகனும் பிடிபட்டான். தந்தை, மகன் இருவருக்குமே றொபேர்ட் நொக்ஸ் என்றுதான் பெயர். மறு வருடமே தந்தை இறந்துபோனார். மகன் பத்தொன்பது வருடங்களுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் கைதியாகக் கிடந்தார். மூதூரில் இதற்கு நினைவுக்கல்லும் நாட்டப்பட்டது.

குரூசோவின் மூலம் யார் என்று கேட்டால் பலரும் அலெக்சாண்டர் செல்கேர்க் என்ற மாலுமியையே சொல்வார்கள். கப்பல் தலைவனோடு சண்டையிட்டு, 1704இல் பசுபிக் தீவொன்றில் தானாகவே இறங்கிக்கொண்டவர் அவர். 1709இல்தான் மீட்கப்பட்டார். சிலி அரசாங்கம் 1966இல் அந்தத் தீவுக்குக் குரூசோவின் பெயரையே வைத்துவிட்டது.

ஆனால் நான்கு வருடங்கள் சொச்சம் எங்கே, இருபத்தெட்டு வருடங்கள் எங்கே? இளமை முழுவதையும் அந்நிய மண்ணில் கழித்தவர் நொக்ஸ்தான். குரூசோ உடைந்த கப்பலிலிருந்து பைபிளை எடுக்கிறான். நொக்ஸோ ஒரு முதியவரிடம், தாம் பின்னிய தொப்பியைக் கொடுத்துப் பைபிளை வாங்கினார். 1681இல் வெளிவந்த நொக்ஸின் நூலை டீபோ படித்திருந்தார் என்பதில் ஐயமில்லை. 1720இல் எழுதிய ‘கப்டன் சிங்கிள்டன்’ கதையில் நொக்ஸின் வரலாற்றையே சுருக்கித் தந்திருக்கிறார்.

நம்மில் சிலர், இப்னு துபைலின் ‘ஹய் இப்னு யக்ளான்’தான் குரூசோவின் மூலம் என்று பெருமையோடு சொல்வதுண்டு. தனித் தீவில் வளர்ந்து, அறிவாலேயே இறைவனை அறிந்தவனின் கதை அது. ஆங்கிலத்தில் 1708இல் வந்துவிட்டது. ஆனால் வருடம் முந்தியது என்பதற்காக மட்டும் அதை எடுத்தாண்டார் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நொக்ஸின் நூலைப் படித்தால் வேறொன்று தெரியவரும். கதையில் வருவதுபோல் அவர் தனியாக இருக்கவேயில்லை! மன்னனின் கட்டளைப்படி, கிராமத்து மக்கள் தங்கள் செலவில் கைதிகளுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். நொக்ஸ் பின்னிய தொப்பிகளையும் அவர்களே வாங்கினார்கள். நெல்லை வட்டிக்குக் கடன் கொடுத்ததைக்கூட அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். சோறு போட்ட ஊரில் வட்டி! 1679இல் தப்பியதும் தனியாக அல்ல. ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரும் கூடவே போனார். இருவரும் சில்லறை வியாபாரிகளாக ஊர் ஊராய் அலைந்து, வழி விசாரித்து, அநுராதபுரத்தைக் கடந்து, அருவி ஆற்றோரமாகவே நடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள்.

டீபோ அந்தக் கிராமங்களையெல்லாம் அழித்துவிட்டு, மனிதனை மட்டும் தீவில் நிறுத்தினார். கதைக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். சோறு சுமந்து வந்த பெண்களை நினைத்தால்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அடுத்த முறை மூதூருக்குப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்தக் கல்லைப் போய்ப் பாருங்கள். அரிப்புக்குப் போக வாய்த்தால் கோட்டையின் இடிபாட்டையும் காட்டுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அவர் எத்தனை வருடங்களில் கடந்தார் என்று அவர்களையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.