85 டிகிரி

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்குச் சித்திரை வெயில்தான் பெரிய பயம். கோழிக்கு வியர்க்காது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். செட்டில் வெக்கை ஏறினால், பனிபோல் நீர் தெளிக்கும் ஃபாகர் ஓடியாக வேண்டும். அந்த வெக்கையை அளந்து சொல்லும் சின்ன கமாண்ட் லைன் புரோகிராம் ஒன்றைப் பராமரிக்கிறேன். ராஸ்பெர்ரி பை, டிஎஸ்18பி20 சென்சார், மூன்று வயர், அவ்வளவுதான். புதிதாகச் சேர்ப்பது குறைவு. இருப்பதைச் சுத்தம் செய்வதில்தான் என் நேரம் போகிறது.

வேண்டாத வரிகளைக் களையும்போது ஒரு வரி கண்ணில் பட்டது: அளவு 85 என்று வந்தால் விட்டுவிடு. ஏன் என்று முன்பு எழுதியவர் குறிப்பு வைக்கவில்லை. காரணம் தெரியாத வரியை நான் அழிப்பதில்லை.

இந்தச் சென்சார் மின்சாரம் வந்ததும் 85 டிகிரி என்ற எண்ணோடுதான் எழும். 12 பிட் துல்லியத்தில் அளந்து முடிக்க 750 மில்லி செகண்ட் வரை பிடிக்கும். அதற்குள் மின்சாரம் ஒரு கணம் விட்டு வந்தாலும் மறுபடி 85தான். லினக்ஸில் சென்சாரின் ஃபைலைத் திறந்தால் முதல் வரி 'யெஸ்' என்று முடிந்திருக்கும். அடுத்த வரியில் 85000 நிற்கும். அந்த 'யெஸ்' சிஆர்சி சோதனையின் விடை. வயரில் வரும் வழியில் தரவு கெட்டதா என்று மட்டுமே சிஆர்சி பார்க்கும். சென்சார் உண்மையில் அளந்ததா என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே 85ஐ ஒதுக்கியது சரி, சத்தமில்லாமல் ஒதுக்கியதுதான் தப்பு. ஃபாகர் மோட்டார் எடுக்கும் நொடியில் வோல்டேஜ் இறங்குகிறது என்பதை அந்த எண்தான் சொல்லிக்கொண்டிருந்தது. புரோகிராமோ பழைய அளவையே மறுபடி அச்சிட்டு, எல்லாம் சரி என்ற பொருளில் பூஜ்ஜியத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. ஃபாகரை இயக்கும் ஸ்கிரிப்ட் அதை நம்பும். வெக்கை தணிந்த பிறகும் ஃபாகர் ஓடும். கூண்டுக்கு அடியில் எரு நனைந்து ஈ மொய்க்கும், அமோனியா நெடி ஏறும்.

திருத்தத்தை இரண்டு கமிட்டாகப் பிரித்தேன். முதலாவதில் பெயர் மாற்றமும் ஒழுங்கும் மட்டும். புரோகிராமின் நடத்தை துளியும் மாறாது. இரண்டாவதில்தான் பிழைத் திருத்தம்: 85 வந்தால் இன்னொரு முறை அளக்கும், மறுபடியும் 85 என்றால் பூஜ்ஜியம் அல்லாத எண்ணோடு வெளியேறும். இரண்டையும் கலந்துவிட்டால், நாளை ஏதாவது உடையும்போது எது உடைத்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்படி வெளியேறும்போது வெறும் 'எரர் 3' என்று சொல்லாமல் இப்படிச் சொல்ல வைத்தேன்: "சென்சார் நடுவில் அணைந்து எழுந்திருக்கிறது. வயரையும் பவர் சப்ளையையும் பாருங்கள்." ராத்திரியில் இதைப் படிப்பவர் செட்டில் நிற்கும் சூப்பர்வைசர். அவருக்கு எண் வேண்டாம், எங்கே கை வைப்பது என்று தெரிந்தால் போதும்.

நீங்கள் பராமரிக்கும் புரோகிராமிலும் காரணம் எழுதாமல் ஓர் எண்ணை ஒதுக்கும் வரி இருக்கலாம். அழிக்கும் முன் அந்த எண்ணைத் தரும் சென்சாரின் டேட்டாஷீட்டை எடுத்துப் படியுங்கள்.