மாற்று ஆட்டக்காரர்

கூடைப்பந்து நம் பகுதிக்குப் புதிய விளையாட்டன்று. பெரியகுளத்தில் கோடைதோறும் நடைபெறும் அகில இந்தியப் போட்டியைக் காண, போடிநாயக்கனூரிலிருந்து நம் பங்கு இளைஞர் பேருந்தேறிச் செல்வதுண்டு. ஆயின், கல்லூரி அணியில் சேர்ந்த மகன் ஆண்டு முழுவதும் பெஞ்சிலேயே அமர்ந்திருக்கிறான் என அறிந்தால் பெற்றோர் முகம் வாடிவிடுகிறது. விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, பெற்ற கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைப்போர் அவர்கள். பந்தைத் தொடாதவனுக்குப் பயிற்சி எதற்கு, அந்நேரம் படித்தாலாவது பயனுண்டே என அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. அவர்களுக்கு ஒரு கத்தோலிக்கக் கல்லூரி மாணவரின் வரலாற்றைச் சொல்ல விழைகிறோம்.

அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழகம் புனித அகுஸ்தீன் சபைத் துறவியரால் 1842-இல் நிறுவப்பெற்றது. நம் திருத்தந்தை பதினான்காம் லியோ 1977-இல் கணிதப் பட்டம் பெற்றது அங்கேதான். அதன் அணியில் 2015-இல் சேர்ந்தார் டான்டே டிவின்சென்சோ. சில ஆட்டங்களே ஆடியிருந்த நிலையில் பாத எலும்பு முறிந்தது. அந்தப் பருவம் அத்துடன் முடிந்தது.

கால் தேறியபின் அவருக்குக் கிடைத்த பணி விந்தையானது. 2016 ஏப்ரலில் அரையிறுதியில் ஒக்லகோமா அணியை எதிர்கொள்ள வேண்டும். அவ்வணியின் பட்டி ஹீல்டு ஆட்டத்திற்குச் சராசரி 25 புள்ளிகள் குவித்தவர். பயிற்சியின்போது டிவின்சென்சோ ஹீல்டாக ஆட வேண்டும். தோழர்கள் அவரைத் தடுத்துப் பழக வேண்டும். தம் பெயருக்கு ஒரு புள்ளியும் சேராத இவ்வுழைப்பை அவர் மனமுவந்து செய்தார். ஆட்ட நாளில் ஹீல்டு எடுத்தது 9 புள்ளிகளே! வில்லனோவா 95-51 என வென்றது. இறுதியாட்டத்தில் வட கரோலினாவை 77-74 என வீழ்த்திப் பட்டமும் பெற்றது. களமிறங்காத டிவின்சென்சோவுக்கு அவ்வெற்றியில் பங்கில்லை என யார் சொல்வார்? நம் கருத்தில், அவர் வரலாற்றின் சிறந்த பகுதி இதுவே. பின்னர் வந்த புகழைத்தான் செய்தித்தாள்கள் எழுதின.

பெஞ்சில் அமர்வோர் யாவரும் நட்சத்திரமாவர் என நாம் கூறவில்லை. பெரும்பாலோர் ஆவதில்லை. டிவின்சென்சோவும் 2018-ஆம் ஆண்டுப் பருவத்தில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே இருந்தார். (ஏலச்செடி நட்டுக் காய் பார்க்க நம் மலையில் ஏறத்தாழ மூன்றாண்டு ஆகிறது; அவர் அணியில் சேர்ந்தும் அப்போது அவ்வளவு காலமே ஆகியிருந்தது.)

2018 ஏப்ரல் 2, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள். சான் அன்டோனியோ நகரில் மிச்சிகன் அணியுடன் இறுதியாட்டம். தொடக்க ஐவரில் டிவின்சென்சோ இல்லை. மிச்சிகன் முந்திக்கொண்டது. பயிற்சியாளர் ஜே ரைட் அவரைக் களத்தில் இறக்கினார். முற்பாதியிலேயே 18 புள்ளிகள். ஆட்ட முடிவில் 31. வில்லனோவா 79-62 என வென்றது. இறுதிச் சுற்றின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது, பெஞ்சிலிருந்து எழுந்து வந்த அவருக்கே வழங்கப்பெற்றது.