மாலை கழட்டின பிறகு

தைப்பூசம் முருகன் அருளால நல்லபடியா முடிஞ்சது. காவடி, பால்குடம் எடுத்தவங்களுக்கும், தண்ணீர்ப் பந்தல்ல விடிய விடிய நின்ன பிள்ளைகளுக்கும் நன்றி. படங்கள் நாளைக்குப் போடுறோம். இன்னிக்கு வேற விஷயம், கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

ஒவ்வொரு வருஷமும் தொண்டர்கள் நாங்க பார்க்கிறோம். 48 நாள் விரதம் இருந்து, வெறுந்தரையில படுத்து, ஒரு சொட்டுகூடத் தொடாத அண்ணன்மார்ல சிலர், மாலை கழட்டின மறுநாளே பழைய இடத்துக்குப் போயிடுறாங்க. "முருகனுக்காக நிறுத்துனவரு பிள்ளைங்களுக்காக நிறுத்தக் கூடாதா?"ன்னு வீட்டுல அழறாங்க. நியாயமான கேள்விதான். ஆனா விரதத்துக்கு ஒரு முடிவு நாள் இருக்கு. கூட நாலு சாமிங்க இருக்காங்க, தினம் பூஜை இருக்கு, "சாப்பிட்டீங்களா சாமி"ன்னு கேட்க ஆள் இருக்கு. 49-ஆம் நாள் இதெல்லாம் ஒரேயடியா போயிடுது. குடிநோய் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருக்கு.

போன வருஷம் லோரி ஓட்டுற அண்ணன் ஒருத்தர், மாலை கழட்டுறதுக்கு முன்னாடியே எங்ககிட்ட வந்தாரு. "தம்பி, இதைக் கழட்டினா குடிச்சிருவேன். பயமா இருக்கு"ன்னாரு. அவர் சம்மதத்தோடதான் எழுதுறோம். யாருன்னு தயவுசெஞ்சு கேட்காதீங்க.

ஏஏன்னு சொல்ற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்போட மலேசிய இணையப் பக்கத்துல நம்பர் தேடிக் கூப்பிட்டோம். எடுத்தவரும் ஒரு காலத்துல குடிச்சவர்தான். எந்தத் தாமான்னு கேட்டு, பக்கத்துல எங்க, எத்தனை மணிக்குன்னு சொன்னாரு. கூட்டத்துல ரெண்டு வகை இருக்காம். மூடிய கூட்டம் குடியை விடணும்னு நினைக்கிறவங்களுக்கு மட்டும். திறந்த கூட்டத்துக்குக் கூட வர்றவங்களும் போகலாம். முதல் தடவை தனியா உள்ள நுழையுறது ரொம்பக் கஷ்டம், அதனால திறந்த கூட்டமா பார்த்து ரெண்டு பேர் கூடப் போனோம்.

சிக்கல் எங்க வந்துச்சுன்னா, இடம் ஒரு தேவாலயத்துப் பின்பக்க மண்டபம். அண்ணனோட அம்மா கொதிச்சுட்டாங்க: "கடைசியில மதம் மாத்தத்தான் கூப்பிடறானுங்க!" நம்ம சமூகத்துல இந்தப் பயம் சும்மா வந்ததில்ல, அதனால அம்மாவைக் குறை சொல்லமாட்டோம். விஷயத்தை மட்டும் சொல்றோம். 1935-ல அமெரிக்காவுல ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், ரெண்டு பேருமே குடிநோயாளிங்க, ஆரம்பிச்சது இது. அவங்க கிறிஸ்துவப் பின்னணியில வந்தவங்கதான், மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா அமைப்பு எந்த மதத்தையும் சார்ந்தது இல்ல. அவங்க 12 படிகள்ல கடவுள் வர்றாரு, ஆனா அவரவர் புரிஞ்சுக்கிட்ட கடவுள். இடம் வாடகை இடம், அவ்வளவுதான். அண்ணன் கழுத்துல வேல் டாலரோட போனாரு, வேல் டாலரோடயே திரும்பி வந்தாரு.

உள்ள யார் என்ன பேசினாங்கன்னு எழுதமாட்டோம், அது அங்க உள்ள கட்டுப்பாடு. பிளாஸ்டிக் நாற்காலி, கோப்பி-ஓ, பிஸ்கட். ரெஜிஸ்டர் கிடையாது, கட்டணம் கிடையாது. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்க பேசறதில்ல, யாரும் புத்தி சொல்றதில்ல. நம்ம வீடுகள்ல மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் புத்தி சொல்லித்தானே பழக்கம்! அண்ணன் ரெண்டு வாரம் வாயே திறக்கல. மூணாவது வாரம் பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி"ன்னாரு. காருக்குத் திரும்பினதும் ரொம்ப நேரம் அழுதாரு. நாங்க ஒண்ணும் கேட்கல. ஜூன் மாசம் ஒருநாள் குடிச்சுட்டாரு. அடுத்த கூட்டத்துல அதையும் சொன்னாரு. "திரும்ப வந்தீங்களே"ன்னு கை கொடுத்தாங்க.

ஒரு எச்சரிக்கை, இதை எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க. தினமும் நிறைய குடிக்கிறவங்க விரதத்துக்காகத் திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காம போகலாம். கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியறது, இதெல்லாம் முதல் ரெண்டு மூணு நாள்ல வரலாம். உயிருக்கே ஆபத்து. சாமி வந்திருக்குன்னு விபூதி பூசி உட்கார வைக்காதீங்க. நேரா அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்க. விரதம் தொடங்குறதுக்கு முன்னாடியே அரசாங்கக் கிளினிக்ல டாக்டரைப் பார்த்துட்டா நல்லது, 1 ரிங்கிட்தான்.

வீட்டு அக்காமார்களுக்கு அல்-அனான்னு தனியா இருக்கு, 1951-ல தொடங்கினது. அவர் குடியை விடாட்டியும் நீங்க போகலாம்.

ஆலய நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம். நம்ம மண்டபம் திங்கட்கிழமை ராத்திரி பூட்டித்தான் கிடக்கு. ஏஏ குழுக்கள் சும்மா இடம் கேட்கிறதில்ல, வாடகை கொடுக்கிறாங்க. தேவாலயத்துக்காரங்க கதவைத் திறந்து விட்டாங்க. நம்ம கோயில்லயும் அந்த மாதிரி ஒரு கூட்டம் நடந்தா, அந்த அம்மா மாதிரி பயப்படுறவங்க மகனைத் தாங்களே கூட்டிட்டு வருவாங்க. அடுத்த கூட்டத்துல இதைப் பேசணும்னு கேட்டுக்கிறோம்.

அதுவரைக்கும், வியாழக்கிழமை ராத்திரி 7 மணிக்கு கோயில் பின்வாசல்ல இருந்து வண்டி கிளம்பும். இந்தத் தடவை அந்த அண்ணன்தான் ஓட்டுறாரு. மூணு பேருக்கு இடம் இருக்கு. இன்பாக்ஸ்ல "வரேன்"னு மட்டும் போடுங்க, காரணம் எழுத வேண்டாம்.