மூடி திறக்காத கேன்

தை பிறந்துவிட்டால் திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் கிடையாது. ஆழ்துளைக் கிணறு போடும் சீசன் அது. அவருக்கு ராய்ச்சூர் ஏஜென்ட் ஐந்து பாயின்ட் பேசி, அட்வான்ஸும் அனுப்பியிருந்தார். சாமி கும்பிட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியைக் கிளப்பினார்கள். ஓமலூர் தாண்டியதும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. தொப்பூர் ஏற்றத்தில் வண்டி நடக்கவே ஆரம்பித்துவிட்டது. பின்னால் வந்த லாரிகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஓரம் கட்டி, திருப்பிக்கொண்டு சேலம் வந்து சேர்ந்தார்கள்.

மெக்கானிக் என்ஜினைத் திறக்கவே இல்லை. நீல மூடி போட்ட சின்ன டேங்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, கையடக்க மீட்டரின் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தார். "இருபத்தெட்டுதான் காட்டுதுங்ணா. முப்பத்திரண்டரை இருக்கணும்."

அந்த டேங்கில் இருப்பதை டிரைவர்கள் யூரியா என்பார்கள், கடைக்காரர்கள் டெஃப் என்பார்கள். 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்ததிலிருந்து பெரிய டீசல் வண்டிகளுக்கு இது சாப்பாட்டுக்கு உப்பு மாதிரி. சூடான புகைக்குள் இதைப் பீய்ச்சினால் அம்மோனியாவாக மாறி, புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நஞ்சை வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக ஆக்கிவிடும். சத்து குறைந்தால் வண்டியின் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து இழுவையைக் குறைத்துவிடும்.

சத்து எப்படிக் குறைந்தது? அவருக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது. டெஃப்பை எடுத்து வெளியே விற்றுவிட்டுத் தண்ணீரை ஊற்றிவைக்கும் கதைகளை ரிக் ஆபீஸ்களில் நிறையக் கேட்டிருக்கிறார். டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். ஒன்பது வருடமாக உடன் இருப்பவர்.

"எத்தனை லிட்டர் தண்ணி ஊத்துனே?"

எடுத்தாயா என்றுகூடக் கேட்கவில்லை. டிரைவர் ஒன்றும் பேசாமல் சாவியை டூல் பாக்ஸ் மேல் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற ஒருவர், சின்னப் பெட்டி ஒன்றை மாட்டி கம்ப்யூட்டரை ஏமாற்றிவிடலாம், இனி யூரியா செலவே இல்லை என்று ஆசை காட்டினார். சட்டப்படி தப்பு என்பதைவிட, நாளைக்கு வேறு ஏதாவது கெட்டால் யாரிடம் போய் நிற்பது என்ற பயம்தான் அவரைத் தடுத்தது. வீட்டுக்கு போன் செய்தால், அப்பா தன் பங்குக்கு, "நம்ம தோட்டத்து உர மூட்டையைக் கரைச்சு ஊத்துடா" என்றார். பல பேருக்கு அந்த எண்ணம் உண்டு. வேப்பெண்ணெய் பூசிய வயல் யூரியாவை ஊற்றினால் புகைக்குழாயில் இருக்கும் விலை உயர்ந்த வினையூக்கியே பாழாகிவிடும்.

டேங்கை வடித்துக் கழுவிப் புதிதாக ஊற்றச் சொன்னார் மெக்கானிக். போன மாசியில் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு வாங்கிப் போட்ட இருபது லிட்டர் கேன்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில் இருந்தன. ஆள் அனுப்பி இரண்டை எடுத்துவரச் செய்தார். மெக்கானிக் சீலை உடைத்து மூடியைத் திருகினார். குப்பென்று அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. ஒரு சொட்டை மீட்டரில் விட்டார். இருபத்தொன்பதரை.

"இது கம்பெனி சீலுங்ணா. இதுல யாரு தண்ணி ஊத்துனது?"

அவருக்கு நாக்கு எழவில்லை. தண்ணீர் கலந்திருந்தால் நெடி கூடாது என்பதையும் மெக்கானிக்தான் சொன்னார். சூட்டில் யூரியா தானாகவே உடைந்து அம்மோனியாவாகிவிடும். இதற்கான ஐ.எஸ்.ஓ. 22241 தரக்குறிப்பில் கணக்கே இருக்கிறது. 10 டிகிரியில் வைத்தால் 36 மாதம், 25 டிகிரியில் 18, 30 டிகிரியில் 12, 35 டிகிரி என்றால் ஆறே மாதம். அதற்கு மேல் போனால் மாதக் கணக்கெல்லாம் கிடையாது, சோதித்துப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். சித்திரை மாதத்துத் தகரக் கொட்டகை எத்தனை டிகிரி என்று சொல்லவே வேண்டாம். கேனில் போட்டிருந்த தேதியை அவர் பார்க்காமல் இல்லை. பார்த்து, இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் நிம்மதியாக இருந்தார். நிழலில் வைக்கவும் என்று பக்கத்திலேயே இருந்த சின்ன எழுத்தைத்தான் படிக்கவில்லை.

டெல்லிக்கு ஓடும் லாரிக்கு இந்தக் கவலை கிடையாது. 100 லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் டெஃப் போய்விடும். கெடுவதற்குள் காலியாகும். ரிக் வண்டி அப்படியா? ஒரு பாயின்ட்டுக்குப் போனால் நாள் கணக்கில் நிற்கும். துளை போடுவது மேலே இருக்கும் கம்ப்ரஸரின் தனி என்ஜின். மழைக்காலம் வந்தால் மாதக்கணக்கில் ஊரில் நிற்கும். போதாததற்கு, சேஸிஸ் வாங்கி ரிக் ஏற்றியபோது ஜாக்கிக்கு இடம் பற்றவில்லை என்று டெஃப் டேங்கைப் பின்னுக்குத் தள்ளி, கம்ப்ரஸர் என்ஜினின் அனல் படும் இடத்தில் மாட்டியிருந்தார்கள். அந்த யோசனையை முன்னால் நின்று சொன்னவரே அவர்தான்.

புது டெஃப் ஊற்றி வண்டி கிளம்ப மூன்று நாளாயிற்று. அதற்குள் ஏஜென்ட் மூன்று பாயின்ட்டை வேறு ரிக்குக்குக் கொடுத்துவிட்டார். வண்டியைத் தற்காலிக டிரைவரிடம் அனுப்பிவிட்டு, அவர் சங்ககிரிக்குப் பக்கத்தில் இருக்கும் டிரைவரின் வீட்டுக்குப் போனார். மனைவியும் உடன் வந்தார். "நீங்க தனியாப் போனா வேற எதையாவது பேசிட்டு வந்துருவீங்க" என்று அவருக்குத் தெரியும்.

டிரைவரின் வீட்டில் மோர் கொடுத்தார்கள். மீட்டர் கதையை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை டிரைவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேங்க்கைத் தொட்டா கை சுடுதுங்க முதலாளின்னு போன வருசமே சொன்னனுங்க."

சொல்லியிருந்தார்தான். அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. மன்னிச்சுக்கோ என்ற வார்த்தை தொண்டை வரை வந்து நின்றபோது, மனைவி முந்திக்கொண்டு, "தப்பு எங்க மேலதாங்ண்ணா" என்றார்.

வேறொரு ரிக்குக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, வைகாசி வரைக்கும் அங்கேதான் என்றார் டிரைவர். அதற்கப்புறம் வருவாரா என்று இவரும் கேட்கவில்லை. வாசல்வரை வந்தவர், டேங்கை முன் சக்கரத்துப் பக்கம் எங்கே மாட்டலாம் என்று செங்கல் துண்டால் தரையில் கோடு போட்டுக் காட்டினார்.

கொட்டகையில் மிச்சமிருந்த ஆறு கேன்களையும் அப்பா நிறையத் தண்ணீர் கலந்து தென்னைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார்.