வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மீன்

கல்லில் மாட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். கோலை மெல்ல ஆட்டிப் பார்த்தேன், எதிர்ப்பக்கம் சாய்த்து இழுத்தேன், மனசுக்குள் திட்டினேன். அப்போது அந்தக் கல் நகர ஆரம்பித்தது. ரீல் கிறீச்சிட்டுக்கொண்டு நரம்பை விட்டது. கயாக்கின் மூக்கு தானாகத் திரும்பியது. அவிழ்த்துக்கொண்டு ஓடும் கன்றின் கயிற்றைப் பிடித்தபடி பின்னாலேயே போகும் பையனைப் போல, நானும் பத்தடி நீளப் பிளாஸ்டிக் ஓடமும் பொட்டோமாக் ஆற்றில் மேற்கே இழுபட்டுப் போனோம்.

மே மாதத்துக் காலை. இடம் மேரிலாந்துக் கரையில், செனிகா ஓடை ஆற்றில் கலக்கும் முகத்துவாரம். பழைய சி அண்ட் ஓ கால்வாயை ஓடைக்கு மேலே தூக்கிச் செல்லும் செங்கல் நிறக் கற்பாலம் அங்கே நிற்கிறது. மூன்று வளைவுகளில் ஒன்றை 1971 வெள்ளம் கொண்டுபோய்விட்டது. நான் தேடிப் போனது ஸ்மால்மவுத் பாஸ். இந்த ஆற்றில் கயாக் தள்ளுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்குத்தான் வருகிறார்கள். நரம்பின் முனையில் இரண்டரை அங்குல ரப்பர்த் துண்டு, பழுப்பும் பச்சையும் கலந்த நிறம், காளான் தலை மாதிரி ஈயம். நெட் ரிக் என்பார்கள். போட்டுவிட்டு, அடியில் படியவிட்டு, சும்மா இருப்பது மாதிரி இழுக்க வேண்டும். வாசனை கிடையாது, மாவு கிடையாது, புழு கிடையாது. நம்மூர்க் குளத்தங்கரையில் இதைக் காட்டினால் சிரிப்பார்கள்.

இருபது நிமிஷம் ஆனது. முதலில் தெரிந்தது வால், அதுவும் வெண்கலத் தாம்பாளத்தைச் சாய்த்துப் பிடித்த மாதிரி ஒரு மின்னல். பாஸுக்கு அந்த நிறம் வராது. வலைக்குள் பாதி உடம்புதான் அடங்கியது. மடியில் கிடத்தினேன். ரூபாய் நாணயம் அளவு செதில்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கருநிழல். வாயின் ஓரங்களில் பக்கத்துக்கு இரண்டு மீசை. பல்லே இல்லாத அந்த வாய் சுருக்குப்பை மாதிரி முன்னால் நீண்டு, மூடி, மறுபடி நீண்டது. தராசில் ஆறு கிலோவைத் தாண்டியது. கார்ப். கோயம்புத்தூர் மார்க்கெட்டானாலும் ஒரத்தநாடு ஏரி ஏலமானாலும் சாதாக்கெண்டை என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே மீன்.

ஒரு வார்த்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கவிஞர்கள் பெண்ணின் கண்ணுக்கு உவமை சொன்ன கெண்டை இதல்ல. அது நம் வாய்க்கால்களில் விரல் நீளத்துக்கு மின்னி மறைகிற உள்ளூர்ப் பொடிமீன். இந்தத் தடியனுக்கு உடம்பைப் பார்த்தால் கண் ரொம்பச் சின்னது, முகத்தில் எருமையின் நிதானம். பெயரை மட்டும் பின்னால் வந்து வாங்கிக்கொண்டது.

அன்று இரவே மாமாவுக்குப் போன் போட்டேன். ஒரத்தநாடு பக்கம் ஏரிக் குத்தகை எடுத்து மீன் வளர்த்தவர், கெண்டையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான்.

“ரப்பர் துண்டுக்கா? மாப்ள, கெண்டை தவிட்டு உருண்டைக்கு வரும், கடலைப் புண்ணாக்குக்கு வரும். ரப்பரைத் திங்க அதுக்கென்ன கிறுக்கா? முதுகுலயோ வாலுலயோ குத்தி இழுத்திருப்பே. சும்மா பெருமை அடிக்காதே.”

நியாயமான சந்தேகம். வசந்த காலத்தில் கெண்டைகள் முட்டையிடக் கரையோரப் புல்லுக்குக் கூட்டமாக வரும். அப்போது தூண்டில் தற்செயலாக உடம்பில் குத்துவது சகஜம். ஆனால் என் முள் மேலுதட்டின் உட்புறம், நட்ட நடுவில் இருந்தது. படம் அனுப்பினேன். “சரிதான்” என்று மட்டும் பதில் வந்தது. அந்த ஒற்றைச் சொல்தான் என்னைத் தேட வைத்தது. ஏன் கடித்தது என்று தேடப் போனவன், எப்படி இங்கே வந்தது என்பதில் போய் மாட்டிக்கொண்டேன்.

ஏன் கடித்தது என்பது சீக்கிரம் தீர்ந்துவிட்டது. கெண்டைக்குத் தாடையில்தான் பல் இல்லை, தொண்டைக்குள் இருக்கிறது. நத்தை ஓட்டையே நொறுக்கும் பற்கள். அடியில் கிடக்கும் சேற்றை உறிஞ்சி, வாயின் மேற்கூரையில் உள்ள மெத்தை போன்ற சதையால் ருசி பார்த்து, வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பும். அதன் சாப்பாட்டில் புழு, பூச்சியின் இளம்பருவம், நத்தை, நன்னீர் இறால் எல்லாம் உண்டு. பொட்டோமாக்கின் கற்களுக்கடியில் கிரேஃபிஷ் என்ற இறாலின் உறவுக்காரன் நிறைய. பழுப்பும் பச்சையுமாய், தரையோடு தரையாக, கொஞ்சம் நகர்ந்து கொஞ்சம் நின்று போகிற எதையும் ஒருதரம் உறிஞ்சிப் பார்ப்பதில் அதற்கு நஷ்டமில்லை. துப்புவதற்குள் நான் கோலை உயர்த்திவிட்டேன், அவ்வளவுதான். கயாக்கில் சத்தமில்லாமல் மிதந்து போனதும் உதவியிருக்கும். நீரில் வரும் அதிர்வைக் காற்றுப்பையிலிருந்து உள்காதுக்குக் கடத்தும் எலும்புச் சங்கிலி உள்ள மீன் இது. மோட்டார் படகு என்றால் அரை பர்லாங் முன்பே போயிருக்கும்.

இரண்டாவது கேள்விதான் வருஷக்கணக்கில் இழுத்தது. படகுத்துறையில் யாரைக் கேட்டாலும் கெண்டையைக் குப்பை மீன் என்பார்கள். கரையில் வீசிவிட்டுப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எங்கிருந்து வந்தது என்றால், “எப்படியோ வந்துருச்சு” என்பது போல ஒரு தோள்குலுக்கல். எப்படியோ வந்த மீனுக்கு இவ்வளவு காகிதம் எப்படிச் சேர்ந்தது என்பதுதான் என் ஆச்சரியம். அமெரிக்க மீன் ஆணையத்தின் பழைய ஆண்டறிக்கைகள் தடித்தடியாகக் கிடைக்கின்றன. மழை நாட்களில் அவற்றை உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, ஒரு கல்யாண வீட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டுகிற மாதிரி இருந்தது.

முதல் முயற்சி கலிஃபோர்னியாவில், தனி ஆளுடையது. 1872-ல் ஜூலியஸ் போப்பே என்பவர் ஜெர்மனியின் ஹோல்ஸ்டைனிலிருந்து 83 கெண்டைகளோடு கிளம்பினார். சொனோமா போய்ச் சேரும்போது உயிரோடு இருந்தவை ஐந்து. அந்த ஐந்திலிருந்து அவர் வியாபாரமே தொடங்கிவிட்டார்.

அதற்கு முந்தைய வருஷம்தான் மீன் ஆணையம் தொடங்கப்பட்டிருந்தது. அதன் தலைவர் ஸ்பென்சர் பேர்ட். கிழக்கு நதிகளில் மீன் குறைந்துகொண்டிருந்த காலம், ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் ஊர் மீனைக் கேட்ட காலம். பேர்ட் கெண்டைக்குச் சாதகமாக ஒரு பட்டியல் போட்டார். நிறையக் குஞ்சு பொரிக்கும், எந்தச் சேற்றிலும் பிழைக்கும், மற்ற மீனைத் தொந்தரவு செய்யாது, பெரும்பாலும் சைவம். கடைசி அம்சத்தைப் படித்தபோது என் டப்பாவில் கிடந்த ரப்பர்த் துண்டை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

ருடால்ஃப் ஹெசல் என்ற ஜெர்மானியர் 1877 மே மாதம் 345 கெண்டைகளை உயிரோடு கொண்டுவந்து இறக்கினார். கண்ணாடிக் கெண்டையும் செதிலில்லாத தோல் கெண்டையும் சேர்ந்து 227, சாதாரணச் செதில் கெண்டை 118. முதலில் பால்டிமோரின் ட்ரூயிட் ஹில் பூங்காக் குளங்கள். அங்கே இடம் போதவில்லை என்று ஒரு பகுதியை வாஷிங்டனுக்கு மாற்றினார்கள். எங்கே தெரியுமா? வாஷிங்டன் நினைவுத்தூண் மைதானத்தில். தூண் அப்போது மூன்றில் ஒரு பங்குகூட எழும்பியிருக்கவில்லை. நாட்டின் தந்தைக்கு நினைவுச்சின்னம் முடியவில்லை, பக்கத்திலேயே அரசாங்கம் மீன்குஞ்சு பொரித்துக்கொண்டிருந்தது. பாப்காக் ஏரிகள் என்று அந்தக் குளங்களுக்குப் பெயர்.

பிறகு ஆரம்பித்தது விநியோகம். விவசாயி விண்ணப்பம் போட்டால் ஆளுக்கு இருபது குஞ்சு என்ற கணக்கில் ரயிலில் அனுப்பினார்கள். 1883-ல் மட்டும் சுமார் 2,60,000 குஞ்சுகள். அன்றைய 301 நாடாளுமன்றத் தொகுதிகளில் 298-க்குப் போய்ச் சேர்ந்தன. விட்டுப்போன அந்த மூன்று தொகுதிக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை கவலை. இலவசத் திட்டம் என்றாலே தமிழ்நாட்டைக் கைகாட்டுகிற நண்பர்களுக்கு இந்த ஆண்டறிக்கையை அனுப்பி வைத்தேன்.

இதுவரை வந்ததும் கதை முடிந்தது என்று நினைத்தேன். 1889 ஜூனில் பொட்டோமாக் பொங்கிப் பென்சில்வேனியா அவென்யூவில் படகு விட்டார்கள். நினைவுத்தூண் குளங்களும் ஆறும் ஒன்றாயின. உள்ளே இருந்த கெண்டைகள் ஆற்றுக்குப் போயின. என் மீன் அந்தக் கெண்டைகளின் கொள்ளுப்பேரன் என்று முடிவுகட்டி, மாமாவிடமும் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் வரைபடத்தை விரித்தபோது அசடு வழிந்தது. வாஷிங்டனுக்கும் செனிகாவுக்கும் நடுவில் கிரேட் ஃபால்ஸ் இருக்கிறது. ஒரு மைலுக்குள் 76 அடி இறங்கும் பாறை அருவி. கெண்டைக்கு எவ்வளவு திமிர் இருந்தாலும் அதை ஏறாது. அப்படியென்றால் என் மீனின் முன்னோர் கீழேயிருந்து நீந்தி வரவில்லை. எனக்கு நம்பத் தோன்றுவது இதுதான்: மேலே ஏதோ ஒரு பண்ணைக் குளத்துக்குத் தகரக் கேனில் இருபதாக வந்திருக்கும். ஒரு மழையில் கரை உடைந்திருக்கும், குட்டை வாய்க்காலாகி, வாய்க்கால் ஓடையாகி, ஓடை ஆறாகியிருக்கும். ஏரி மடை உடைந்து மீன் போன கதை மாமாவிடம் நாலைந்து உண்டு. அதனால் இதை நம்ப அவருக்குக் கஷ்டமே இல்லை.

1890-களின் கடைசியில் அரசாங்கமே கையைக் கழுவியது. தண்ணீரைக் கலக்குகிறது, செடியைப் பிடுங்குகிறது, மண் வாடை அடிக்கிறது என்று புகார். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர்களே இருபது வருஷத்தில் வாசலில் நிற்கவைத்துப் பேசினார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதைப் படகுத்துறை நண்பர்களிடம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. நாங்களெல்லாம் பூஜை செய்கிற ஸ்மால்மவுத் பாஸும் இந்த ஆற்றுக்காரன் இல்லை. அது ஒஹாயோ நதிப் பக்கத்து மீன். 1854-ல் வில்லியம் ஷ்ரைவர் என்பவர் வீலிங் ஓடையில் பிடித்து, ரயில் எஞ்சினோடு போகும் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, மலையைத் தாண்டிக் கொண்டுவந்து கம்பர்லாந்தில் கால்வாய்த் தேக்கத்தில் விட்டார். செனிகாவில் அந்தக் கற்பாலத்தின் மேல் ஓடியதும் அதே கால்வாய்தான். கெண்டைக்கு 23 வருஷம் மூத்த வந்தேறி, அதுவும் விண்ணப்பம்கூட இல்லாமல். ஒன்றுக்கு ராஜமரியாதை, ஒன்றுக்குக் குப்பைக்கூடை.

செனிகாவின் செங்கல் நிறக் கல்லைப் பற்றியும் அப்போதுதான் தெரிந்தது. படகுத்துறைக்குப் பக்கத்தில், மரங்களுக்குள், கல் அறுத்த ஆலையின் கூரையில்லாச் சுவர்கள் நிற்கின்றன. வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் கோட்டை மாதிரியான கட்டடம் இந்தக் கல்லால் கட்டியது. பேர்ட் 1850 முதல் அங்கே வேலை பார்த்தவர், பின்னால் அதன் செயலாளர். கெண்டையை வரவழைக்கும் கடிதங்களுக்குக் கையெழுத்துப் போட்டவர், நான் கெண்டை பிடித்த கரையிலிருந்து போன கல்லுக்குள் நடமாடியிருக்கிறார்.

இவ்வளவையும் திரட்டிக்கொண்டு மாமாவுக்குப் போன் போட்டேன். நம்மூர் பாகத்தையும் சேர்த்தே சொன்னேன். ஊட்டி ஏரியில் இருக்கும் கண்ணாடிக் கெண்டை 1939-ல் இலங்கையிலிருந்து வந்தது, அதுவும் ஜெர்மன் வம்சம்தான், அவர் குத்தகை ஏரியில் விட்ட சாதாக்கெண்டை 1957-ல் பாங்காக்கிலிருந்து கட்டாக் வந்த வேறு கிளை என்று. மறுமுனையில் “ம்”, “ம்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“எல்லாம் சரி மாப்ள. குழம்பு வச்சியா, வறுத்தியா?”

“விட்டுட்டேன் மாமா.”

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை.

“ஆறு கிலோவையா?” என்றார்.