விமானியின் தோலங்கியும் விடுபட்ட பெயரும்

தொகுத்து வைத்தல் மாந்தரின் தொன்மையான இயல்புகளுள் ஒன்று. அஞ்சல் தலை சேர்ப்பாரும், நாணயம் சேர்ப்பாரும், பழஞ்சுவடி தேடுவாரும் நம் நாட்டில் பலர் உளர். ஆனால், போர்க்கால விமானிகள் அணிந்த பழைய தோல் மேலங்கிகளைச் சேர்ப்பவர் என்று நம்மை அறிமுகம் செய்துகொள்ளும்போது, கேட்பவர் முகத்தில் வியப்பும் நகைப்பும் ஒருங்கே தோன்றுகின்றன. ஆங்கிலத்தில் அதற்கு 'ஜாக்கெட்' என்று பெயர். தமிழ் இல்லங்களில் அச்சொல்லுக்குரிய பொருளே வேறன்றோ? ஆதலின் ஈண்டு அதனைத் தோலங்கி என்றே வழங்குவோம். கல்கத்தா வெயிலில் தோலங்கி எதற்கு என்னும் வினாவும் உடன் எழும். அதற்கு விடை கூறவே இதனை எழுதத் துணிந்தோம்.

விமானியின் அமர்விடம் மேற்கூரையின்றித் திறந்திருந்த காலத்தில், வீசும் காற்றைத் தடுக்கத் தோலே சிறந்த துணையாக இருந்தது. 1931ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவத்தின் விமானப் பிரிவு 'ஏ-2' என்னும் தோலங்கியைத் தன் வீரர்க்கென ஏற்றுக்கொண்டது. பெரும்பாலும் குதிரைத் தோலாலும் சில வேளை ஆட்டுத் தோலாலும் அது தைக்கப்பட்டது. முன்புறம் ஜிப்பு, இரு பைகள், இடுப்பிலும் மணிக்கட்டிலும் காற்றுப் புகாதவாறு கம்பளிப் பின்னல். மிக உயரப் பறப்போர்க்கு இது போதாது. 25,000 அடி உயரத்தில், குண்டுவீச்சு விமானங்களினுள் குளிர் சுழியத்திற்குக் கீழே 40 பாகை செல்சியசு வரை இறங்குவதுண்டு. அவர்களுக்கென உரோமத்தோடு கூடிய செம்மறித் தோலால் 'பி-3' என்னும் கனத்த அங்கி அமைந்தது. பிரித்தானிய விமானிகளோ, பாராசூட்டுத் தொழிலில் புகழ்பெற்ற லெஸ்லி இர்வின் உருவாக்கிய செம்மறித் தோலங்கியை அணிந்தனர். 1943இல் அமெரிக்கத் தளபதி ஆர்னால்டு, தோலங்கிகளுக்கு இனிப் புதிய ஒப்பந்தம் வேண்டா, துணியங்கிகளே போதும் என்று முடிவு செய்தார். ஏ-2 அங்கியின் தயாரிப்பு அத்துடன் ஓய்வை நோக்கிச் சென்றது.

ஆயினும், இன்றும் தொகுப்போர் பெரிதும் விரும்புவது அந்த ஏ-2 அங்கியையே. காரணம் தோலன்று, அதன்மீது எழுதப்பட்ட வாழ்க்கை. இடமார்பில் அணிந்தவர் பெயர் பொறித்த தோற்பட்டை ஒன்று தைக்கப்பட்டிருக்கும். முதுகில் விமானத்தின் பெயரும், படமும், வரிசை வரிசையாகச் சிறு குண்டுகளும் தீட்டப்பட்டிருக்கும். ஒரு குண்டு, உயிரோடு திரும்பிவந்த ஒரு பயணத்தின் கணக்கு. 1943 மே 17ஆம் நாள் தன் இருபத்தைந்தாம் பயணத்தை முடித்த 'மெம்பிஸ் பெல்' விமானக் குழுவினரின் அங்கிகளில் அக்கணக்கைக் காணலாம். அவ்வெழுத்து சில வேளை அணிந்தவர்க்கே பகையாயிற்று. 1943இன் இறுதியில் செருமானியரிடம் சிறைப்பட்ட அமெரிக்க விமானப்படை வீரர் ஒருவரின் முதுகில் கொலைக் கூட்டம் என்று பொருள்படும் விமானப் பெயர் இருந்தது. 'மர்டர், இங்க்' என்னும் அப்பெயரைப் படம்பிடித்துச் செருமானியர் தம் பரப்புரைக்குப் பயன்படுத்திக்கொண்டனர்.

இவற்றிற்கும் இந்திய நாட்டிற்கும் யாது தொடர்பு எனலாம். 1942 முதல் 1945 வரை அசாமின் சாபுவா, தின்சான் முதலிய விமானத் தளங்களிலிருந்து இமயத்தின் கிழக்குத் தொடர்களைக் கடந்து, சீனத்துக் குன்மிங் நகருக்கு 6,50,000 டன்னுக்கு மேற்பட்ட சரக்குகள் வான்வழியே சென்றன. விமானிகள் அவ்வழியை 'ஹம்ப்' என்றனர். ஒட்டகத்தின் திமில் என்பது பொருள். வீழ்ந்த விமானங்கள் பல நூறு. அவ்விமானிகள் சிலரின் அங்கியில் சீனக் கொடியும் சீன எழுத்தும் அமைந்த துணிச்சீட்டு ஒன்று இருக்கும். சீனத்திற்கு உதவ வந்தவர் இவர். இவரைக் காத்தருள்க என்பது அதன் சாரம். ஊரும் பேரும் மொழியும் அறியாத நிலத்தில் வீழ்பவனுக்கு அச்சீட்டே வாய். உறவினர் முகவரி எழுதிய தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஹவுரா நிலையத்தில் முதன்முதலாக இறங்கிய நம்மவர்க்கு அதன் அருமையை விரித்துரைக்க வேண்டுமோ?

நம்மிடம் உள்ள தோலங்கிகள் மூன்றே. அவற்றுள் ஏ-2 ஒன்று. அதன் இடமார்பில் பெயர்ப்பட்டை இல்லை. பட்டை இருந்த இடத்தில் நீள்சதுரமாக ஊசித் துளைகள் மட்டும் எஞ்சியுள்ளன. எவரோ பிரித்தெடுத்துவிட்டனர். அணிந்தவர் பிழைத்தாரா, மலைக்காட்டில் மறைந்தாரா என்று கூற அத்துளைகளுக்கு வாயில்லை. பழம்பொருள் வணிகர் ஒருவர் அதனைக் கண்டு, "இதற்கு ஒரு பெயர்ப்பட்டை தைத்து, முதுகில் ஓர் ஓவியமும் தீட்டிவிட்டால் விலை பன்மடங்காகும், ஐயா. துளை ஏற்கெனவே இருக்கிறது, ஐயமே எழாது" என்றார். அவர் கூறியது வணிக நோக்கில் உண்மையே. போலிகளைக் கண்டறியும் வழிகள் சில உண்டு: கழுத்தின் உட்புறச் சீட்டில் உள்ள ஒப்பந்த எண், ஜிப்பின் வகை, புற ஊதா ஒளியில் பிற்கால நூல் பளிச்சிடுதல் முதலியன. ஆனால், உண்மையான அங்கியில் பொய்ப்பெயர் ஏறினால் கண்டறிவது அரிது. இல்லாத ஒருவனுக்குப் பெயர் சூட்டுவது, இருந்த ஒருவனை இரண்டாம் முறை அழிப்பதாகும் எனக் கூறி மறுத்தோம். அவர் வருத்தமின்றிச் சிரித்துக்கொண்டே விடைபெற்றார்.

அவ்வங்கியின் இடத்தோளில் கேடயம் போன்ற ஒரு சின்னம் மட்டும் அழியாமல் உள்ளது. மேலே நீலத்தில் சீனத்துக் கதிரவனும் இந்திய விண்மீனும். கீழே சிவப்பும் வெள்ளையுமான பட்டைகள். சீன-பர்மா-இந்தியப் போர்முனையின் அடையாளம் அது. வண்ணத் தோலைச் சிறுசிறு துண்டாக வெட்டி இழைத்துத் தைத்த இத்தகைய சின்னங்கள், அந்நாளில் இந்தியத் தொழிலாளர் கையால் உருவானவை. அவற்றில் கைவினைஞரின் பெயர் எங்கும் இராது. பெயர் பொறித்தவனின் பெயர் உதிர்ந்தது. பெயரே எழுதாதவனின் தையல் எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஓர் இழை விலகாமல் நிற்கின்றது. கல்கத்தா வெயிலில் தோலங்கி எதற்கு என்பார்க்கு நம் விடை இதுவே. அவ்விருவரும் ஒருகால் இந்நாட்டில் ஒருவரையொருவர் கண்டு, பேரம் பேசி, கூலி கொடுத்து வாங்கியிருக்கலாம். அதற்கு எஞ்சிய சான்று இவ்வங்கி ஒன்றே.

ஆகவே, அதனை மெருகேற்றுவதில்லை, எண்ணெய் பூசுவதில்லை. அகன்ற தோளுடைய தாங்கியில் மாட்டி, பருத்தித் துணி போர்த்தி, மழைக்காலத்தில் பூஞ்சணம் படராதவாறு காற்றாட வைக்கின்றோம். கம்பளிப் பின்னலை அந்துப்பூச்சி அரிக்காமல் அடிக்கடி நோக்குகின்றோம். உட்பையில் ஒரு தாள் வைத்துள்ளோம்: எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டில் பெற்றோம், எது தெரியும், எது தெரியாது என்பதை அதில் எழுதியுள்ளோம்.

புலம்பெயர்ந்த நம் இல்லங்களிலும் இத்தகைய பொருள்கள் உண்டு. ஊரிலிருந்து வந்த தகரப் பெட்டி, பாட்டியின் கண்டாங்கிச் சேலை, தந்தையார் முதல் சம்பளத்தில் வாங்கிய கம்பளிச் சட்டை ஆகியவற்றின் கதை வீட்டு முதியோர் நாவில் மட்டுமே உள்ளது. பொருளைக் காட்டிலும் கதை விரைவில் அழியும். ஒரு மாலைப் பொழுதில் அவர்களருகே அமர்ந்து, கேட்டு, ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் இடுங்கள். உடுத்தியவர் பெயரோடு நெய்தவர் ஊரும், தைத்தவர் பெயரும் தெரிந்தால் அவற்றையும் எழுதுங்கள். நாளை அப்பெட்டியைத் திறக்கும் பேரப்பிள்ளைக்கு வெறும் ஊசித் துளைகள் மட்டும் மிஞ்சலாகாது.