மூன்று தோட்டாவும் ஐந்து தோட்டாவும்

டெக்சாஸுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. மகன் வீட்டில் எல்லாரும் நலம். "அங்க பொழுது எப்படி சார் போகுது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு துப்பாக்கி சுடும் மைதானத்தில் போகிறது.

பதற வேண்டாம், நான் சுடவில்லை. விசிட்டர் விசாவில் வந்தவன் துப்பாக்கியைத் தொடுவதற்கு இங்கே சட்டக் கட்டுப்பாடு உண்டு. என் கையில் இருப்பது நோட்டும் பென்சிலும்தான். அவர் சுடுவார், நான் அளந்து எழுதுவேன். அவர் என்னை "டீச்சர்" என்று கூப்பிடுகிறார். நம்மூரில் அது பெண்களுக்குச் சொல்வதாயிற்றே என்று என் மனைவிக்கு ஒரே சிரிப்பு.

மனிதர் ஓய்வு பெற்ற மெக்கானிக். கடையில் தோட்டா வாங்க மாட்டார், தானே செய்கிறார். சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டு, கூட்டைக் கையால் அழுத்தும் ஒரு பிரஸ்ஸில் வைத்து அளவுக்குக் கொண்டுவருகிறார். பிறகு புதுப் பிரைமர், நிறுத்த வெடிமருந்து, மேலே குண்டு. மருந்தை 'கிரெய்ன்' கணக்கில் நிறுக்கிறார். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். நம் பத்தர்கள் வைத்திருந்த குன்றிமணி எடையில் ஏறக்குறையப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறார். அந்தப் பொறுமையைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவரிடம் முப்பது வருஷ நோட்டுகள் இருக்கின்றன. மருந்தை 0.3 கிரெய்ன் வீதம் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வோர் அளவுக்கும் மூன்று தோட்டா சுடுவார். 100 கெஜத்தில் இருக்கும் அட்டையில் மூன்று துளைகளில் அதிகம் விலகிய இரண்டுக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று அளப்பார். எந்த அளவு மருந்துக்குக் கூட்டம் நெருக்கமாக விழுந்ததோ அதுதான் இந்தத் துப்பாக்கிக்கு உகந்தது என்று சிவப்பு மையில் வட்டம் போடுவார். நான் வந்த முதல் வாரம் அரை அங்குலக் கூட்டம் ஒன்றைப் பிரேம் போடாத குறையாகக் காட்டினார்.

அடுத்த வாரம் அதே மருந்து, அதே குண்டு. ஒன்றேகால் அங்குலம் வந்தது. காற்று என்றார். அப்புறம் காலையில் குடித்த காபி என்றார். ஒரு துளையைக் காட்டி, "இது என் தப்பு, இதைக் கணக்கில் சேர்க்காதே" என்றார். பரீட்சைத் தாளை வாங்கிக்கொண்டு "அன்னைக்குக் காய்ச்சல் சார், அந்த மார்க்கை விட்டுடுங்க" என்று நிற்கும் பெற்றோர் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. நல்ல மார்க் வாங்கிய நாளில் யாரும் வந்து, "இன்னைக்கு அதிர்ஷ்டம் சார், இதை விட்டுடுங்க" என்று கேட்டதில்லை.

நான் ஒன்று கேட்டேன். "மருந்தை மாற்றாமல், ஒரே அளவில் முப்பது தோட்டா செய்ய முடியுமா?" எதற்கு என்றார். முப்பதையும் மும்மூன்றாகப் பத்து அட்டையில் சுடுங்கள், பிறகு சொல்கிறேன் என்றேன். மருந்து விலை, பிரைமர் விலை, குழல் தேய்மானம் என்று கணக்குச் சொன்னார். இரண்டு நாள் கழித்து முப்பதோடு வந்து நின்றார்.

ஒரு காலைப் பொழுது முழுக்க ஆயிற்று. குழல் சூடாகிவிடும் என்று நடுநடுவே ஆறவிட வேண்டும். பத்து அட்டையையும் மேஜையில் பரப்பி அளந்தேன். மிகச் சிறியது அரை அங்குலம், மிகப் பெரியது 1.7 அங்குலம், சராசரி 1.1. துப்பாக்கி ஒன்று, மருந்து ஒன்று, ஆள் ஒருவர். பிறகு எல்லா அட்டைகளின் துளைகளையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் குறித்தேன். முப்பதும் சேர்ந்து 2.2 அங்குலம் வந்தது.

"இந்தப் பத்து அட்டையும் பத்து விதமான மருந்து அளவு என்று நான் பொய் சொல்லியிருந்தால் எதற்கு வட்டம் போட்டிருப்பீர்கள்?" என்று கேட்டேன். அரை அங்குல அட்டை மேல் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவும் இல்லை. முப்பது வருஷ நோட்டு அல்லவா.

கணக்குப் பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். தோட்டா எண்ணிக்கை கூடக் கூடக் கூட்டம் விரியும். மூன்று தோட்டாவுக்குச் சராசரி 1 அங்குலம் வரும் துப்பாக்கி, ஐந்துக்குச் சுமார் 1.3 அங்குலமும், பத்துக்குச் சுமார் 1.6 அங்குலமும் காட்டும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, மூன்றில் அது தன் முழு அகலத்தையும் காட்ட வாய்ப்பில்லை, அவ்வளவுதான். அதோடு மூன்று தோட்டாக் கூட்டம் சராசரியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுவதும் குறைவதும் சர்வசாதாரணம். ஐந்து தோட்டாவுக்குக் கால் பங்கு. ஓரத்து இரண்டு துளைகளை மட்டும் அளப்பதால் மற்ற துளைகள் சொல்லும் சேதியும் வீணாகிறது. எல்லாத் துளைகளின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒவ்வொன்றின் தூரத்தையும் சராசரி எடுப்பது மேல்.

குறைந்த மாதிரியை வைத்து எவ்வளவு நம்பலாம் என்ற கணக்கை ஒழுங்காகப் போட்டவர் வில்லியம் கோசெட். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். 1908இல் அந்தக் கட்டுரையைச் சொந்தப் பெயரில் போடாமல் 'ஸ்டூடண்ட்' என்ற பெயரில் வெளியிட்டார். மாணவன்! வாத்தியார் வேலை பார்த்த எனக்கு அந்தப் பெயரில் தனிப் பிரியம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

என்.சி.சி.யில் என்னிடம் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பத்து நாள் முகாம், பாயிண்ட் டூ டூ ரைபிள், 25 மீட்டர், குப்புறப் படுத்து ஐந்து தோட்டா. தலைக்கு ஐந்துதான், மேலே ஒன்று கேட்டாலும் கிடைக்காது. சுட்டு முடித்ததும் காலிக் கூடுகளைப் புல்லுக்குள் தேடுவோமே, ஒன்று குறைந்தாலும் ஹவில்தார் நம்மை விடமாட்டார். அந்த வகைக் கூட்டில் மருந்தைப் பற்றவைக்கும் சரக்கு விளிம்புக்குள்ளேயே இருக்கும், அதனால் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி மறுபடி நிரப்ப முடியாது. வெறும் கணக்குக்காகத்தான் அத்தனை தேடல்.

1994 முகாமில் துப்பாக்கிப் போட்டிக்கு ஒருவரை அனுப்ப வேண்டும். இரண்டு பையன்கள். ஒருவன் அட்டை மூன்றரை சென்டிமீட்டர், இன்னொருவன் அட்டை ஐந்து. மூன்றரையை அனுப்பினேன். யாரையாவது அனுப்பித்தான் ஆக வேண்டும், கையில் இருந்தது அந்த இரண்டு அட்டைதான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஐந்து சென்டிமீட்டர் பையன் "ஏன் சார்?" என்று கேட்டபோது, எல்லார் முன்னாலும், "உனக்குக் கை நடுங்குதுடா, இதெல்லாம் உனக்கு வராது" என்றேன். அவன் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. அட்டையைப் பார்த்துச் சொன்னேன். ஒரே ஆள் இரண்டு தடவை சுட்டாலே வரக்கூடிய வித்தியாசம் அது. மறுவருஷம் அவன் என்.சி.சி.யில் சேரவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

இங்கே கிளம்புவதற்கு முந்தின வாரம் அவன் கடைக்குப் போனேன். மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். அரிசி மணியை விடச் சின்னப் பாகங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பற்றவைக்கிறான். என் போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டினான். ஒரு காற்றுக் குமிழி இல்லை. "அருமையா ஒட்டிட்டியே" என்றேன். "நான் கை நடுங்குற கேஸ் சார், பார்த்து வாங்கிக்குங்க" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். கடையில் அது பழகிப்போன வேடிக்கை போலிருக்கிறது. நானும் சிரித்துவிட்டு, காசு வாங்க மாட்டேன் என்றவனோடு மல்லுக்கட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அரை அங்குல அட்டை மேல் விரலை வைத்துக்கொண்டு அந்த மனிதர் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் இப்போது பழைய நோட்டுகளை அலமாரியில் ஏற்றிவிட்டார். புது நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறார், பக்கத்துக்கு ஓர் அளவு, ஓர் அளவுக்கு முப்பது தோட்டா. பணம் அதிகம் ஆகிறது என்று முனகிக்கொண்டேதான் செய்கிறார். முப்பது துளையும் விழுந்த அந்தத் தாளை எனக்கே கொடுத்துவிட்டார். பெட்டியில் துணிகளுக்கு நடுவே மடங்காமல் வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் 12ஆம் தேதி ஊருக்கு வருகிறேன். தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும், என் எல்லாப் பதிவுக்கும் முதல் லைக் உன்னுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா என்று கீழே எழுது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வருகிறேன். கடையில் ஆட்கள் இருக்கும் நேரமாகச் சொல்.